கம்பவுண்டர் ஊர்

தென்காசிக் கடைத்தெருவில் யாராவது நம்ப முடியாத சேதி ஒன்றைச் சொன்னால், "இது கம்பவுண்டர் ஊருக் கதைல்லா!" என்று சொல்லிச் சிரிப்பது அந்த நாளில் வழக்கமாக இருந்தது. ஜவுளிக்கடை அப்துல் மஜீதுதான் அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவர். போகப்போக, கம்பவுண்டரின் முகம் தெரியாதவர்கள்கூட அதைச் சொல்லும்படி ஆகிவிட்டது.

கம்பவுண்டர் என்றால் அருமைநாயகம். ரத வீதியில் ஒரு டாக்டரிடம் இருபத்திரண்டு வருஷமாக மருந்து கலக்கிக் கொடுத்து வந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் அவருக்கு நிகர் அந்த வட்டாரத்தில் கிடையாது. ஒட்டிக்கொண்ட பழைய துணியை உரித்தெடுக்கும்போது வலி தெரியாமல் இருக்க அவர் ஒரு கதையைத் தொடங்குவார். கதை முடியும்போது புதுக்கட்டு போட்டு முடிந்திருக்கும். எல்லாக் கதையும் அவர் பிறந்த புன்னைத்துறையில் நடந்தவை. திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த பட்டினம். பனையை விட உயரமான கொடிமரம், கப்பல்காரர்களிடம் தீர்வை வாங்கும் பங்களா, கால்வாய்க்கு மேலே கல் பாலம், பெரிய மாதா கோயில். கோயிலுக்கு மேற்கே அவர்களுடைய மாடி வீடு.

"மாடியில நின்னா மூணு பாய் கட்டின கப்பல் வாறது தெரியும். எங்க அப்பா விளக்கை ஆட்டிக் காட்டுவாரு" என்பார்.

"இப்ப அந்த ஊரு எங்கன இருக்கு கம்பவுண்டரே?" என்று கேட்பார்கள்.

"மணலுக்குள்ள."

இந்த இடத்தில்தான் எல்லாரும் சிரிப்பார்கள். திருச்செந்தூர்ப் பாதையில் ஓடிய பஸ் கண்டக்டர் ஒருவர், அப்படி ஒரு ஊரே அந்தப் பக்கம் கிடையாது என்று ஒருநாள் கூட்டத்துக்கு நடுவே அடித்துச் சொன்னார். அருமைநாயகமும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கினார்.

அவருக்கு வருத்தம் உண்டோ இல்லையோ, மனைவி சுகிர்தத்துக்கு இருந்தது. சுகிர்தம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவள். வகுப்பில் தேசப்படத்தைத் தொங்கவிட்டுக் கோலால் தொட்டுக் காட்டும்போதெல்லாம் அவளுடைய கண் திருச்செந்தூருக்குக் கீழே ஒருமுறை போய்வரும். அந்தப் படங்களில் அங்கே நீலமும் மஞ்சளும் தவிர வேறொன்றும் இருக்காது. கல்யாணமான புதிதில், "ஒருநாள் என்னையும் அங்க கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டிருக்கிறாள். "மணலைப் போயிப் பாத்து என்ன செய்யப் போற?" என்று அவர் பேச்சை மாற்றிவிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்து மதுரைக்கு அனுப்பிய பிறகும் ஒருமுறை கேட்டாள். அதே பதில்தான் வந்தது. ஊர் நிஜமாகவே இருந்ததா என்று அவளுக்கும் உள்ளூரச் சந்தேகம் உண்டு. அப்படிச் சந்தேகப்பட்டதற்காகத் தன் மீதே கோபமும் உண்டு.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை, அவள் மங்குஸ்தான் வாங்கக் குற்றாலம் போனாள். சீசன் உச்சத்தில் இருந்தது. பேராச்சி என்ற பழக்காரி பாதையோரத்தில் கூடையை வைத்து, சாரல் படாமல் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்துப் பழத்தை எண்ணி எடுத்து, பக்கத்தில் இருந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு பெரிய தாளைச் சர்ரென்று கிழித்துச் சுற்றினாள். துணி ஒட்டிய தடித்த காகிதம். அதில் மெல்லிய கோடுகளும் பொடி எழுத்துகளும் இருப்பதைச் சுகிர்தம் பார்த்துவிட்டாள்.

"ஐயையோ, கிழிக்காத! நிறுத்து!"

பேராச்சி பயந்து கையை உதறினாள். பழங்கள் உருண்டன. "என்ன டீச்சரம்மா, பாம்பு கீம்பு இருக்கா?"

"இந்தக் காயிதம் உனக்கு எங்க கிடைச்சுது?"

"பெரிய பங்களா கைமாறிச்சுல்லா. வெள்ளக்காரத் தொரை வீட்டுப் பழசையெல்லாம் வெளிய அள்ளிப் போட்டாவ. மழைக்கு நல்லா தாங்கும்னு நான் ஒரு கட்டு தூக்கிட்டு வந்தேன்."

சுகிர்தம் அந்த ஈரத்திலேயே குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நில அளவைக்காரர்கள் போட்ட படங்கள். ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கோடு வளைத்து, கிணறு, கோயில், ஒற்றையடிப் பாதைவரை குறித்த படங்கள். பெரும்பாலும் மலைப்பக்கம். அடியில் ஒன்று கடற்கரை. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறில் அளந்தது என்று ஓரத்தில் போட்டிருந்தது. வடக்கே திருச்செந்தூர் இருந்தது. தெற்குப் பாதியைக் காணோம்.

"இதுல மிச்சம் எங்க?"

"இப்பத்தான் ஒரு அண்ணாச்சிக்குப் பழம் மடிச்சுக் குடுத்தேன். செவப்புத் துண்டு போட்டிருந்தாரு. அருவிக்கு நடக்காரு."

சுகிர்தம் குடையை மறந்து நடந்தாள், பிறகு ஓடினாள். நாற்பத்து நான்கு வயது டீச்சர், சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, எண்ணெய் தேய்த்து வருகிறவர்களுக்கு நடுவே ஓடுவதைப் பார்த்து வழிவிட்டார்கள். சிவப்புத் துண்டுக்காரர் அருவிக்கு முன்னாலேயே ஒரு பாறை மேல் இருந்தார். சுரண்டைச் சந்தை வியாபாரி. பழத்தை மடியில் கொட்டிக்கொண்டு, காகிதத்தை விரித்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க."

"எதுக்கும்மா?"

"நீங்க எங்க வீட்டுக்காரரு ஊரு மேல உக்காந்திருக்கீய."

அவர் பதறி எழுந்துவிட்டார். காகிதத்தை உதறிக் கொடுத்ததோடு, கூட இரண்டு பழமும் கொடுத்தார். பழத்தோலின் சாயம் படத்தின் கடல் பக்கத்தில் ஊதாவாக இறங்கியிருந்தது. அது பின்னால் எத்தனை துடைத்தும் போகவில்லை.

பேராச்சியிடம் மீதிக் கட்டைக் கேட்டபோது, "காயிதத்தைக் குடுத்துட்டு நான் பழத்தை என்னத்துல மடிக்க?" என்றாள். நியாயந்தான். சுகிர்தம் கூடையோடு பழத்தை வாங்கிக்கொண்டாள். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு முழுவதும் மங்குஸ்தான் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் ஒரு பிரசவ வீட்டுக்கு மருந்து கொண்டுபோயிருந்த நேரத்தில், இரண்டு பாதியையும் பசை போட்டு ஒட்டி, பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். புன்னைத்துறை என்று எங்கும் இல்லை. மூன்று முறை கரையோரமாகப் போய்வந்தாள். நான்காவது முறை 'பூனட்டோரி' என்ற இங்கிலீஷ் எழுத்துகளில் கண் நின்றது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வெள்ளைக்காரன் ஒருவன் புன்னைத்துறை என்று கேட்டு எழுதினால் அப்படித்தான் எழுதுவான்.

அதன் பிறகு எல்லாம் தானாகக் கிடைத்தன. கொடிமரம். தீர்வைப் பங்களா. கால்வாய், அதன் மேல் இரண்டு சின்னக் கோடாகப் பாலம். மாதா கோயில். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சொன்ன திக்கில் இருந்தது. சுகிர்தத்துக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷமாகச் சிரித்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்த வேண்டும் போலிருந்தது.

மாடி வீட்டைத் தேடினாள். கோயிலுக்கு மேற்கே வீடு எதுவும் இல்லை. உப்பளம்தான் இருந்தது, கட்டம் கட்டமாக, கால்வாய்வரைக்கும். பிறகு கட்டியிருப்பார்கள் என்று நினைத்தாள்.

கட்டை மறுபடி பிரித்துப் பார்த்தபோது அதே கரையின் இன்னொரு படம் அகப்பட்டது. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலில் அளந்தது. அதில் கொடிமரம் இல்லை. பங்களா இல்லை. கால்வாய் வாய் தூர்ந்து, ஊர் இருந்த இடம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மணல். கோயிலுக்குப் பக்கத்தில் 'பாழ்' என்று குறித்திருந்தது. உயிரோடிருந்தது உப்பளம் மட்டுந்தான். அதன் வடக்கு ஓரத்தில் கறுப்பாக ஒரே வரிசையில் ஏழு சின்னக் கட்டம். கூலி லைன்ஸ், அதாவது கூலியாட்களின் குடிசை வரிசை, என்று எழுதியிருந்தது.

சுகிர்தம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். அருமைநாயகம் பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில். அந்தப் படம் போடும்போது ஆறு வயது. கப்பலையும் கொடிமரத்தையும் அவர் பார்த்திருக்கவே முடியாது. அந்த வயதில் அவர் அங்கே குடியிருந்தது உண்மையானால், குடியிருக்க அந்த ஏழு கட்டத்தைத் தவிர வேறு வீடு கிடையாது.

பிறகு இரண்டாவது படத்தை மடித்து, சேலைப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவர் வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது, முதல் படத்தை மட்டும் மேசை மேல் விரித்தாள். "இங்கன வாங்க. இது என்ன ஊருன்னு பாருங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே குனிந்தார். அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள். பாலத்தைக் காட்டியபோது, "அப்ப இருந்திருக்கு" என்று மெல்லச் சொன்னார். அவளிடம் சொன்னது போல இல்லை.

"இருந்துதுன்னு நீங்கதான சொல்லுவீய?"

"ஆமா, ஆமா" என்றார் அவசரமாக.

மறுநாள் படம் டாக்டர் வீட்டுக்குப் போயிற்று. சீட்டு வாங்க வந்தவர்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். டாக்டரே கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். அப்துல் மஜீதுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, கொடிமரத்தின் மேல் விரலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"அருமைநாயகம், நான் பத்து வருசமா உம்மைக் கேலி பண்ணிட்டேன்வே. மனசுல வச்சுக்கிடாதியும்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மஜீது பாய்."

"உம்ம மாடி வீடு இதுல எங்கன இருக்கு?"

அருமைநாயகம் பதில் சொல்வதற்குள் ஒரு பிள்ளை முழங்காலில் ரத்தத்தோடு வந்துவிட்டது. அவர் எழுந்து போனார்.

அன்றிலிருந்து அவர் கதை சொல்வது குறைந்துபோயிற்று. யாராவது கேட்டால், "அதான் படத்துலயே இருக்கே" என்று நிறுத்திக்கொள்வார். சுகிர்தம் இதைக் கவனித்தாள். உதவி செய்வதாக நினைத்து அவருடைய பேச்சைப் பிடுங்கிவிட்டோமோ என்று அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சேலைப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அடியில் இருக்கும் காகிதம் அவளை உறுத்தியது. எடுத்துக் காட்டலாமா, கிழித்துப் போட்டுவிடலாமா என்று இரண்டு விதமாகவும் யோசித்தாள். காட்டினால் அவர் பொய் சொன்னார் என்று காட்டுவதாக ஆகும். கிழிக்கவோ, பூகோளம் நடத்துகிறவளுக்குக் கை வரவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள், காலைச் சாப்பாட்டில், அவராகவே சொன்னார்: "பள்ளிக்கூடம் லீவுதான? ஒரு எட்டு அங்க போயிட்டு வருவமா?"

இட்டிலியைப் பிட்ட கை அப்படியே நின்றது. "எங்க?"

"எங்க ஊருக்கு."

திருநெல்வேலி போய் அங்கிருந்து திருச்செந்தூருக்கு பஸ். ராத்தங்கி, விடிந்ததும் மாட்டுவண்டி அமர்த்தினார்கள். வண்டிக்காரர் பெயர் மைதீன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் தெரியாது என்று தலையாட்டினார். சுகிர்தம் பையிலிருந்து படத்தை எடுத்து, உப்பளத்தையும் கால்வாயையும் காட்டினாள்.

"அட, பாழ்கோயிலுக்கா? அதை முதல்லயே சொல்லப்படாதா? ஆடு மேய்க்கிற பயலுவதான் அங்கன போவான்."

பனங்காடு தாண்டி, செம்மணல் தேரி மேடு தாண்டி, உடைமரங்கள் முடிகிற இடத்தில் மைதீன் மாட்டை அவிழ்த்துவிட்டார். அதற்கு மேல் சக்கரம் புதையும். மூன்று பேரும் நடந்தார்கள். சுகிர்தம் முன்னால் நடந்தாள். பள்ளிக்கூடத்துத் திசைகாட்டி ஒரு கையில், படம் மறு கையில். அளவைக்காரர்கள் நட்ட கல் ஒன்று மேட்டில் இருக்க வேண்டும். இருந்தது. அதிலிருந்து கிழக்கே அரை மைலில் கோயில், அதாவது அவளுடைய காலடியில் ஆயிரத்து இருநூறு.

"டீச்சரம்மா எண்ணும்போது பேசாதீய" என்று மைதீன் அருமைநாயகத்தை அதட்டினார். அவர் பேசவே இல்லை.

ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தில் காலில் கல் இடறியது. மணலுக்கு மேலே இரண்டடி உயரத்துக்குச் சுவரின் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் காரை, அதில் சிப்பி. மாதா கோயில். சுகிர்தம் மணலில் மண்டியிட்டு அதைத் தடவினாள். தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கோயில் இதுன்னா, உங்க வீடு..." என்று மேற்கே திரும்பிய மைதீன், "அங்கிட்டு உப்பளமால்லா இருந்துது? எங்க வாப்பா சொல்லுவாவ" என்றார்.

அருமைநாயகம் மேற்கே போகவில்லை. அவர் வடக்கே நடந்துகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். படத்தையோ திசையையோ பார்க்கவில்லை. சுகிர்தம் மைதீனிடம், "நீங்க இங்கனயே நிழல்ல உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனாள்.

ஒரு பர்லாங்கு போனதும் மணல் குறைந்து, வெள்ளையாகப் பொருக்குத் தட்டிய தரை வந்தது. அங்கே நின்றார்.

"ஏட்டி சுகிர்தம். இங்கனதான்."

அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாடியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஓலைக் குடிசை. நான் பிறந்து ஆறு மாசத்துல அப்பா செத்தாச்சு. அம்மா அளத்துல உப்பு சுமந்தா. உப்புத் தண்ணியில நின்னு நின்னு அவ காலைப் பாக்கணுமே, சதை பிளந்து, வெள்ளையா... சாயங்காலம் வந்து உக்காந்ததும் நான் நல்ல தண்ணி விட்டுக் கழுவி, வேப்பெண்ணெய் போட்டுத் துணி சுத்துவேன். ஆறு வயசு, ஏழு வயசு. கை பட்டா அவளுக்கு உயிர் போகும். நான் அழுவேன். நான் அழக்கூடாதுன்னு அவ கதை சொல்லுவா. அந்தக் கப்பல், கொடிமரம், விளக்கை ஆட்டுத ஆளு, எல்லாம் அவ சொன்னது. அவளே பாத்தாளோ, அவளுக்கு யாரு சொன்னாவளோ, எனக்குத் தெரியாது. நிசமா பொய்யான்னுகூட எனக்குத் தெரியாது, நீ அந்தப் படத்தை விரிக்கிற வரைக்கும்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"மாடி வீடும், அந்த ஆளை எங்க அப்பான்னு சொன்னதும் மட்டும் நான் சேத்தது. உன்னைப் பெண் கேட்டு வந்தப்ப உங்க அப்பா எந்த வீட்டுப் பையன்னு கேட்டாரு. வாயில வந்துட்டு. பொறவு எறக்க முடியல."

"எனக்குத் தெரியும்" என்றாள் சுகிர்தம்.

"என்ன தெரியும்?"

அவள் பைக்குள் கைவிட்டு, சேலைப் பெட்டியில் ஐந்து மாதம் கிடந்த காகிதத்தை எடுத்து விரித்தாள். காற்று பிடுங்கியது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பாழ் என்ற எழுத்தைப் பார்த்தார். ஏழு கட்டத்தைப் பார்த்தார்.

"இது எப்பக் கிடைச்சுது?"

"உங்ககிட்ட அதை விரிச்ச அன்னைக்கேதான். ஆடியில."

"இத்தனை நாளும் தெரிஞ்சுக்கிட்டா என்கூட இருந்த?"

"தெரியாமத்தான் இருபத்தஞ்சு வருசம் இருந்தேனே, அதுல என்ன குறைஞ்சுபோச்சு? நீங்களா சொல்லுவீயன்னு பாத்தேன். சொல்லாட்டாலும் கேட்டிருக்க மாட்டேன்."

அவருடைய வாய் கோணியது. அழப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் சிரித்துவிட்டார். "உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரு?"

"அவரு போயி பதினாலு வருசம் ஆச்சு. இனிமே கல்யாணத்தை நிறுத்தவா போறாரு?" என்றாள். இருவரும் அந்த உப்புத் தரையில் நின்றுகொண்டு, மைதீன் தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கும்படி சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவர் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, நிதானமாக அழுதார். அவள் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் மைதீனோடு சேர்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் மைதீன், தன் பாட்டனாரும் அதே அளத்தில் உப்பு வாரியவர்தான் என்றார். "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே ஊருக்காரங்க அண்ணாச்சி" என்று சொல்லி, வண்டிக்கூலியை வாங்க மறுத்தார். சுகிர்தம் திட்டித்தான் வாங்க வைத்தாள்.

ஊர் திரும்பியதும் அருமைநாயகம் முதலில் அப்துல் மஜீதிடம் போனார். மாடி வீட்டுச் சங்கதியைச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "ஒத்தை வீடுதான பொய்? ஊரு நெசந்தானவே? என் கடையில துணி அளக்கப்ப அதைவிடக் கூடுதலாப் பொய் சொல்லுதேன்" என்றார். டாக்டர் வீட்டில் கதைகள் மறுபடி ஆரம்பமாயின. இப்போது அவை "எங்க அம்மை சொல்லுவா" என்று தொடங்கின. கொடிமரத்தோடு உப்பு சுமந்தவர்களும் வந்தார்கள். அச்சன்புதூரிலிருந்து சேற்றுப்புண்ணோடு வரும் நடவுக்காரிகள், காலை அவர் மடியில் வைக்கக் கூச்சப்பட்டால், அம்மாவின் காலைப் பற்றிச் சொல்வார். கூச்சம் போய்விடும்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று திருச்செந்தூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், "அந்த ரெண்டாவது படத்தை எடு. பென்சில் இருக்கா?" என்று கேட்டதுதான். படத்தை முழங்காலில் விரித்து, ஏழு கட்டத்தில் மூன்றாவதின் பக்கத்தில் பொடி எழுத்தில் ஞானப்பூ என்று எழுதினார். அது அவருடைய அம்மா பெயர்.

"பஸ் குலுங்குது. வீட்டுக்குப் போயி எழுதலாம்லா" என்றாள் சுகிர்தம்.

"மறந்து போயிருமே."

முதல் வீட்டில் ஒரு மாடன், அவன் பெண்டாட்டி பெயர் சொரிமுத்தம்மாள். இரண்டாவதில் அந்தோணி. நாலாவதில் ஒரு முப்பிடாதியம்மாள், மீன் குழம்பு வைத்தால் சின்னப் பிள்ளையாக இருந்த இவரைக் கூப்பிட்டுக் கொடுப்பாள். பெயர்கள் வர வர எழுத்து கடல் பக்கமாகக் கோணிக்கொண்டு போயிற்று. அவள் படத்தின் ஓரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஆறு வீடு முடிந்தது. ஏழாவது வீட்டுக்காரர்களின் முகம் தெரிந்தது, பெயர் வரவில்லை. ஆழ்வார்திருநகரி தாண்டியும் வரவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, வாய்க்குள் ஏதேதோ பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்ரீவைகுண்டம் பாலத்தில் பஸ் ஏறும்போது அவள் கையைப் பற்றி, "தங்கபுஷ்பம்!" என்று கத்தினார். முன்சீட்டில் இருந்த ஒரு கிழவி, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலத் திரும்பி, "என்னய்யா?" என்று கேட்டாள்.